அரக்குத் தட்டும் அமெரிக்கச் சேர்ந்திசையும்

ஆரணியில் நெய்யப்படும் பட்டுச் சேலைகளின் நிறப் பெயர்களுள் 'அரக்கு' என்பதும் ஒன்று. கருஞ்சிவப்புக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட அந்த நிறத்தை இன்று செயற்கைச் சாயமே தருகிறதென்றாலும், பெயர் ஒரு சிறு பூச்சியிலிருந்து வந்தது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் அரக்குப் பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின், கிளையைச் சுற்றி ஓடுபோல் இறுகிவிடும். கிளையோடு சேர்த்து ஒடித்தெடுத்தது கொம்பரக்கு. அதை நொறுக்கி நீரில் அலசினால் சிவப்புச் சாயம் நீரோடு பிரிந்துவிட, மணி மணியான பிசின் எஞ்சும். அந்த மணிகளைத் துணிப்பையில் இட்டு அனலில் உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து உலர்த்தி உடைத்தால் கிடைப்பது தகட்டரக்கு. சாயம் பட்டுக்கும் கம்பளிக்கும் போயிற்று. பிசின் வளையலுக்கும் முத்திரைக்கும் மரச்சாமான்களின் மெருகுக்கும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வேதிச்சாயங்கள் வந்து அரக்குச் சாயத்தின் வாணிகத்தை ஒழித்தபோது, சேலையில் அதன் பெயர் மட்டும் தங்கியது. பிசினுக்கோ, அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே, எவரும் எதிர்பாராத ஒரு புது வேலை கிடைத்தது.

அந்த வேலை இசைத்தட்டு. சென்ற பகுதிகளில், 1902இல் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கெளஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்ததும், அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறித் தட்டுகளாக அச்சடிக்கப்பட்டுத் திரும்பியதும், பாட்டின் முடிவில் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்லும் வழக்கம் அந்த ஹானோவர்த் தொழிலாளருக்கு அடையாளம் காட்டவே தோன்றியதும், 1908இல் கல்கத்தாவிலேயே அச்சடிக்கும் ஆலை எழுந்ததும் கூறப்பட்டன. இப்பகுதி எதிர்த்திசையில் சென்ற சரக்கைப் பற்றியது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அரக்கு போயிற்று; பிற்பாடு இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சென்னையிலிருந்து, இசைக் கருத்துகளும் போயின; ஆனால் இவ்விரண்டும் ஒரே தட்டில் சேரவில்லை என்பதே இந்த வரலாற்றின் விசித்திரம்.

வட்டத்தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்ட எமில் பெர்லினர் தொடக்கத்தில் கடின ரப்பரையே பயன்படுத்தினார். ரப்பர் அழுத்தத்தில் சீராகப் பதியவில்லை. பள்ளங்கள் சில இடங்களில் மழுங்கின. 1890களின் நடுவில் அவர் அரக்குக் கலவைக்கு மாறினார். சூட்டில் குழைந்து, அச்சின் மயிரிழைப் பள்ளங்களுக்குள்ளும் புகுந்து, ஆறியதும் கல்போல் இறுகும் தன்மை அரக்குக்கு உண்டு. ஆயினும் தட்டு முழுவதும் அரக்கு அன்று. கல்தூள், கரித்தூள், பஞ்சுத் துகள் ஆகியவற்றை ஒட்டிப் பிடிக்கும் பசையாகவே அது கலவையில் சேர்ந்தது. பளுவான ஒலிப்பெட்டியின் எஃகு ஊசியைத் தட்டுத் தாங்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் கல்தூள். ஊசி ஓடும்போது எழும் 'உஸ்' என்னும் இரைச்சலுக்கும் அத்தூளே காரணம். உலகில் விளைந்த அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் மேட்டு நிலத்தையும் அதைச் சூழ்ந்த காட்டுப் பகுதிகளையும் சேர்ந்தது. அங்கிருந்து கல்கத்தாத் துறைமுகம் வழியாக அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயிற்று. ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 1920களின் நடுவில் அரக்கு ஆராய்ச்சிக்கெனவே ஒரு நிறுவனம் தோன்றியதிலிருந்து அந்த வாணிகத்தின் கனத்தை ஊகிக்கலாம்.

அமெரிக்கச் சேர்ந்திசைக் குழுக்கள் பதிவுக்கு வந்தது சற்றுத் தாமதமாகத்தான். சேர்ந்திசைக் குழு, அதாவது சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, என்பது வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகளைப் பெரும்பான்மையாகக் கொண்டு, மரத்துளைக் கருவிகள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள் ஆகியவற்றோடு எண்பது நூறு பேர் ஒரு நடத்துநரின் கைக்கோல் அசைவுக்கு இணங்கி வாசிக்கும் அமைப்பு. ஒலிவாங்கி இல்லாத அக்காலத்தில் ஒலி ஒரு பெரிய புனலின் வாய்க்குள் புகுந்து, அதன் கடைசியில் இருந்த சவ்வை அதிர்வித்து, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறவேண்டும். ஒரு பாடகரின் குரலுக்குப் போதுமான அந்தப் புனல் நூறு கருவிகளின் முன் திணறியது. கருவியாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. எஞ்சியவர்கள் புனலுக்கு முன் நெருக்கியடித்து அமர்ந்தார்கள். தாழ்ந்த சுருதியுடைய பெரிய நரம்புக் கருவிகளின் ஒலி பதியாததால் அவற்றின் பகுதியைப் பித்தளைக் குழல்கள் ஊதின. இந்த நிலையில்தான் 1891இல் நிறுவப்பட்ட சிகாகோ சிம்பொனி, ஃபிரெடரிக் ஸ்டாக் நடத்த, 1916 மே மாதத்தில் மெண்டல்சனின் திருமண அணிநடையைக் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்தது. மறு ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் குழுவும் ஃபிலடெல்ஃபியா குழுவும் நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டனில் விக்டர் நிறுவனத்தின் புனல் முன் அமர்ந்தன.

1925இல் ஒலிவாங்கியும் மின் பெருக்கியும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. லியோபோல்டு ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஃபிலடெல்ஃபியா குழு அவ்வாண்டே மின்முறையில் பதிவு செய்யத் தொடங்கி, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் விற்ற தட்டுகளை வெளியிட்டது. எனினும் ஒரு தடை நீங்கவில்லை: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலான இசையே அடங்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு நான்கு தட்டுகளும் எட்டுப் பக்கங்களும் தேவைப்பட்டன. கர்நாடக இசைக் கலைஞர் ராக ஆலாபனையைச் சுருக்கி, சரணத்தை விரைந்து முடித்து, தட்டின் அளவுக்குள் கீர்த்தனையை அடக்கிக்கொண்டார். முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்ட ஐரோப்பிய இசையில் அதற்கு இடமில்லாததால், நடத்துநர் இசையை நடுவில் நிறுத்தி, அடுத்த மெழுகுத் தட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேட்பவரும் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பினார். இவ்விரண்டு வழிகளில் கர்நாடகக் கலைஞர் கண்ட வழியே கலையுணர்வு மிக்கது என்று சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர் அரக்கின் மதிப்பைத் தட்டு நிறுவனங்களுக்கு உணர்த்தியது. மின்காப்புப் பூச்சு, வெடிமருந்துத் தொழில் ஆகியவற்றுக்கு அரக்கு தேவைப்பட்டது, கடல்வழிகள் ஆபத்தாயின. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுத் தொழிலின் அரக்குப் பயன்பாட்டை முந்தைய ஆண்டு அளவில் 30 விழுக்காடாகக் குறைத்தது. பழைய தட்டுகளைச் சேகரித்து உடைத்து மீண்டும் கலவையில் சேர்க்கும் இயக்கங்கள் நடந்தன. ஒரு சிம்பொனியின் தூள் மற்றொரு நடனப் பாட்டாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இணங்கி 1944 நவம்பரில்தான் அது முடிவுக்கு வந்தது. போர்முனைச் சிப்பாய்களுக்கு அனுப்பிய தட்டுகள் வைனில் என்னும் செயற்கைப் பிசினில் அச்சாயின. உடையாத, இரைச்சல் குறைந்த அந்தப் பிசினில், 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இசை அடங்கியது. பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒரே தட்டுக்குள் வந்தது. அமெரிக்கச் சேர்ந்திசைக்கு இந்திய அரக்கோடு இருந்த அரை நூற்றாண்டு உறவு அத்துடன் தளர்ந்து, 1950களில் அறுந்தது.

அந்த அரக்குக் காலம் முழுவதும் இந்திய இசை அமெரிக்கச் சேர்ந்திசைத் தட்டுகளில் எந்த வடிவில் இருந்தது என்று தேடினால், ருஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'சாட்கோ' நாடகத்தில் இந்திய வணிகன் பாடும் பாட்டும், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெலிபின் 'லக்மே' நாடகத்து மணிப் பாட்டும்தான் முதலில் எதிர்ப்படும். இரண்டும் இந்தியாவைக் காணாத கற்பனை இந்தியாவின் இசை. அழகியவை, ஆனால் எந்த ராகத்துக்கும் எந்தத் தாளத்துக்கும் கடன்பட்டவை அல்ல. தட்டின் உடம்பு இந்தியக் காட்டிலிருந்து வந்தது. அதன் குரலில் இருந்த இந்தியா நாடகமேடைத் திரைச்சீலையிலிருந்து வந்தது.

கற்பனையைக் கடந்து கேட்க முனைந்த அமெரிக்கருள் ஹென்றி கவெல் முதன்மையானவர். 1897இல் கலிஃபோர்னியாவில் பிறந்து, பியானோவின் கட்டைகளை முழங்கையால் ஒருசேர அழுத்தும் முறையால் இளமையிலேயே பெயர் பெற்ற அவர், 1931இல் பெர்லின் சென்று, உலக மக்களின் இசையை ஒப்பிட்டு ஆராய்ந்த ஹார்ன்பாஸ்டலின் ஒலிப்பதிவுக் காப்பகத்தில் பயின்றார். அக்காலத்தில் ஜெர்மனிக்கு வந்திருந்த பி. சாம்பமூர்த்தியிடம் அவர் கர்நாடக இசை இலக்கணத்தைக் கற்றார். சாம்பமூர்த்தி பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக இருந்து தென்னிந்திய இசை பற்றிய பாடநூல்களையும் கலைச்சொல் அகராதியையும் எழுதியவர். தமிழகத்தில் இசை பயின்ற மாணவர் எவரும் அவர் நூலைத் தொடாமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. ஜான் கேஜ், லூ ஹாரிசன் ஆகிய அமெரிக்க இசையமைப்பாளர்களுக்கு ஆசிரியராக விளங்கியவர் கவெல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சாம்பமூர்த்தியின் பாடம் எத்தனை தொலைவு சென்றது என்பது விளங்கும்.

1956-57இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு கவெல் மேற்கொண்ட உலகப் பயணம் ஈரான், இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளைத் தொட்டது. இந்தியாவில் அவர் சென்னைக்கும் வந்தார். அப்பயணத்தின் பயனாக மூன்று இசைப்படைப்புகள் பிறந்தன: தெஹ்ரானில் எழுந்த 'பெர்சியன் செட்', ஜப்பானிய இசையை ஒட்டிய 'ஓங்காகு', 'மெட்ராஸ்' என்று பெயரிட்ட பதின்மூன்றாம் சிம்பொனி. கடைசியாகச் சொன்னது சிறிய சேர்ந்திசைக் குழுவுக்கு எழுதப்பட்டது. ஜலதரங்கத்துக்கும் தபேலாவுக்கும் அதில் இடம் உண்டு. நீர் நிரப்பிய பீங்கான் கிண்ணங்களைக் குச்சியால் தட்டி வாசிக்கும் ஜலதரங்கத்தை அவர் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. கமகம், அதாவது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைத்தும் செல்லும் அணி, கர்நாடக இசையின் உயிர். ஐரோப்பிய முறையில் எழுதிய இசையோடு சேர்த்து வாசிக்கும்போது அந்த அசைவுதான் முதலில் இடறும். தனித்தனிச் சுரங்களாக ஒலிக்கும் ஜலதரங்கமோ அக்குழுவோடு மோதாமல் இணையக்கூடியது. இது இலகுவான தீர்வு என்றும் சொல்லலாம், தொழிலறிந்தவரின் தீர்வு என்றும் சொல்லலாம்.

இந்தச் சிம்பொனியின் முதல் அரங்கேற்றம் நியூயார்க்கில் நடக்கவில்லை. 1947இல் தாமஸ் ஷெர்மன் நிறுவிய நியூயார்க்கின் லிட்டில் ஆர்க்கெஸ்ட்ரா சொசைட்டி, அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பயணத் திட்டத்தின்கீழ் ஆசியாவைச் சுற்றியபோது, 1959 மார்ச்சில் சென்னையிலேயே அதை வாசித்தது. வெளிநாட்டு நகரத்தின் பெயர் தாங்கிய சிம்பொனி அந்நகரத்திலேயே முதன்முதலாக ஒலித்தது அரிய நிகழ்ச்சி. சோவியத் நாட்டின் கலைக்குழுக்கள் ஆசியத் தலைநகரங்களை வலம்வந்த பனிப்போர்க் காலம் அது. அமெரிக்க அரசு தன் சேர்ந்திசைக் குழுக்களைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றியதற்குக் கலை ஆர்வம் மட்டும் காரணம் அன்று என்பது வெளிப்படை. ஆயினும் அரசின் கணக்கு எதுவாயினும், சாம்பமூர்த்தியிடம் பெர்லினில் தொடங்கிய பாடம் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய ஊரிலேயே ஒப்பிக்கப்பட்டது.

பதிவு வரலாற்றில்தான் கணக்கு தவறுகிறது. 'பெர்சியன் செட்'டை ஸ்டோகோவ்ஸ்கியே தம் குழுவோடு பதிவு செய்தார். 'ஓங்காகு'வைக் கேட்டு வாங்கியதும் பதிவு செய்ததும் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆர்க்கெஸ்ட்ரா. குதிரைப் பந்தயத்துக்கும் புகையிலைக்கும் பெயர்பெற்ற ஓஹையோ ஆற்றங்கரை ஊரான லூயிவில்லின் குழு, சிகாகோவோடும் பாஸ்டனோடும் ஒப்பிட்டால் சிறியது. 1937இல் ராபர்ட் விட்னியின் தலைமையில் உருவானது. பெயர்பெற்ற தனிக்கலைஞரை அழைத்துச் செலவிடுவதைவிட, வாழும் இசையமைப்பாளரிடம் புதிய இசை எழுதி வாங்குவதே ஊருக்குப் பெயர் தேடித்தரும் என்று நகர மேயர் சார்ல்ஸ் ஃபார்ன்ஸ்லி கருதினார். 1953இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அளித்த 4 லட்சம் டாலர் அந்த எண்ணத்துக்கு உரமாயிற்று. எழுதி வாங்கிய இசையை வாசித்ததோடு நில்லாமல், சந்தாதாரருக்குத் தாமே தட்டுகளாக வெளியிட்டார்கள். கவெல்லின் பதினோராம் சிம்பொனியும் அவ்வரிசையில் வந்தது. ஆகவே ஒரே பயணத்தில் பிறந்த மூன்று குழந்தைகளில் ஈரானும் ஜப்பானும் தட்டேறின. அவற்றுக்கு நிகரான தட்டு வாழ்வு 'மெட்ராஸ்' சிம்பொனிக்கு அன்று அமையவில்லை. ஒரு படைப்பு தட்டாவது அதன் தரத்தால் மட்டும் அன்று, அதற்குப் பின்னால் ஒரு லூயிவில் இருக்கிறதா என்பதாலும்தான் தீர்மானமாகிறது.

ஆலன் ஹோவானஸின் கதையில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. 1911இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆர்மீனியத் தந்தைக்கும் ஸ்காட்லாந்து வழித் தாய்க்கும் பிறந்த அவர், 1930களில் பாஸ்டனுக்கு வந்த உதய சங்கரின் நடனக் குழுவில் விஷ்ணுதாஸ் சிராலியின் இசையைக் கேட்டதிலிருந்து இந்திய இசையின்பால் ஈர்க்கப்பட்டார். 1942இல் டாங்கிள்வுட் இசை முகாமில் மூத்த இசையமைப்பாளர்கள் அவருடைய இசையை எள்ளியபின், அதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதியை எரித்துவிட்டு, ஆர்மீனியத் தேவாலயப் பண்களிலிருந்து புதிதாகத் தொடங்கினார். மகாபாரத வீரனின் பெயரால் 'அர்ஜுனா' என்னும் எட்டாம் சிம்பொனியை 1947இலேயே எழுதியிருந்தார். ஆனால் அவருக்குப் புகழ் தேடித்தந்தது 'மிஸ்டீரியஸ் மவுண்டன்' என்னும் இரண்டாம் சிம்பொனி. மறைபொருள் பொதிந்த மலை என்பது அப்பெயரின் கருத்து. 1955 அக்டோபர் 31ஆம் நாள் ஹூஸ்டன் சிம்பொனியின் இசை இயக்குநராக ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய முதல் கச்சேரியில் அது அரங்கேறியது.

1958 ஏப்ரலில் சிகாகோ சிம்பொனி, ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்த, அதை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. ஹங்கேரியில் பிறந்த ரைனர் மிகச் சிறிய கோலசைவுக்கும் மிகக் கடுமையான ஒத்திகைக்கும் பெயர் போனவர். அவருடைய காலத்துச் சிகாகோத் தட்டுகள் இன்றும் ஒலிப்பதிவுக் கலையின் அளவுகோலாகக் கருதப்படுகின்றன. அதற்குக் காரணம் ஸ்டீரியோ முறை. ஒரே ஒலிவாங்கி வழியாக ஒரே ஓடையில் எல்லா ஒலியையும் சேர்க்காமல், மேடையின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் தனித்தனித் தடங்களில் காந்த நாடாவில் பதிந்து, கேட்பவரின் முன் இரண்டு ஒலிபெருக்கிகளில் பிரித்துத் தரும்போது, வயலின்கள் ஒருபுறமும் தாழ்குரல் நரம்புகள் மறுபுறமும் இருக்க, குழல்கள் நடுவில் ஆழத்திலிருந்து எழுவதாகத் தோன்றும். சிகாகோவின் ஆர்க்கெஸ்ட்ரா மண்டபத்தில் ஆர்.சி.ஏ. பொறியாளர்கள் 1954 மார்ச்சிலேயே, ஸ்டீரியோத் தட்டு விற்பனைக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இம்முறையில் பதியத் தொடங்கியிருந்தார்கள். மிகச் சில ஒலிவாங்கிகளே பயன்பட்டன. கருவிகளுக்கிடையிலான சமநிலையை இயந்திரத்தில் திருகிச் சரிசெய்யாமல், மண்டபத்தின் காற்றும் நடத்துநரின் காதுமே தீர்மானித்தன.

அந்தத் தட்டில் ஒலிக்கும் இசை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி துதிப்பாடல்போல் நரம்புக் கருவிகளில் மெல்ல நகர்கிறது. இரண்டாவது இரட்டைப் ஃபியூக். ஃபியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொரு குரல் வேறு சுருதியில் பற்றிக்கொள்ள, முதற்குரல் அதற்கு இணைமெட்டு இசைக்க, இப்படியே மூன்றாவதும் நான்காவதும் வந்து சேரும் பின்னல். இரட்டை ஃபியூக்கில் இரண்டு மெட்டுகள் தனித்தனியே இவ்வாறு வளர்ந்து முடிவில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு ஒரு நாடாவும் தனித்தனியே ஓடி, ஒவ்வோர் ஊடையிலும் இரண்டு நிறமும் ஓரத்தில் கவ்விக்கொள்வதைக் கண்ட தறிக்காரருக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. வேறுபாடு ஒன்றுதான், சேலையில் கரை கரையாகவே நிற்கும், ஃபியூக்கிலோ கரையே உடலாகும், உடலே கரையாகும். ஹோவானஸின் முதல் மெட்டு நிதானமானது, வாய்ப்பாட்டுத் தன்மையுடையது. இரண்டாவது நரம்புகளில் விரைந்து ஓடுவது. மூன்றாம் பகுதியில் ஏழு அட்சர அளவுடைய ஓர் ஓதல் ஒலியடக்கிய பித்தளைக் கருவிகளில் தொடங்க, பின்பு பதின்மூன்று அட்சரச் சுழற்சியில் ஓர் அலை எழுந்து தணிகிறது. ஏழு என்றதும் மிஸ்ர சாபுவும், பதின்மூன்று என்றதும் 9, 2, 2 எனப் பிரியும் சங்கீர்ண ஜாதித் திரிபுடையும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது இயல்பு. ஆனால் இதை எழுதியபோது அவர் சென்னையைக் கண்டதில்லை. இசையின் பெரும்பகுதி ஆர்மீனியத் தேவாலயத்துக்கும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் பாடல்களுக்குமே கடன்பட்டது. எண்களின் ஒற்றுமையை உறவாக்கிவிடும் ஆசையை இங்கே அடக்குவதே நேர்மை.

சென்னையை அவர் கண்டது அந்தப் பதிவுக்கு ஓராண்டு கழித்து. ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று 1959-60இல் அங்கே தங்கிக் கர்நாடக இசை பயின்றார். ராகங்களை நூற்றுக்கணக்கில் குறிப்பெடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1958 முதல், அதே உதவித்தொகையில் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஒருவர் வர ஒருவர் போனது ஒப்பந்தம் போட்டதுபோல் அமைந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அரங்கு காணாதிருந்த 'அர்ஜுனா' சிம்பொனி, 1960இல் சென்னையில் ஹேண்டல் மானுவல் நடத்த முதன்முதலாக வாசிக்கப்பட்டது. சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைப் பரப்பியவரும், 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் நடத்துநராக நெடுங்காலம் விளங்கியவருமான மானுவல், தம் நகரத்தில் கிடைத்த கலைஞர்களைக் கொண்டு ஓர் அமெரிக்கச் சிம்பொனிக்கு உயிர் கொடுத்தார். சிகாகோவின் பளபளப்பு அதில் இருந்திருக்காது, ஆனால் சிகாகோ செய்யாததை அது செய்தது.

அதைவிடத் துணிவான முயற்சி 'நாகூரன்'. சென்னை வானொலி நிலையத்தின் தென்னிந்தியக் கருவிக் குழுவுக்காக ஹோவானஸ் 1960இல் அதை எழுதினார். வானொலியின் வாத்திய விருந்தா, அதாவது பல்லியக் குழு, அப்போது இளமையான அமைப்பு. 1952இல் டெல்லியில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் நடத்த அது தொடங்கியிருந்தது. வீணையும் குழலும் வயலினும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பதே இசையாகும் மரபில், இருபது முப்பது பேருக்கு வெவ்வேறு வரிகளை எழுதித் தருவது சரியா என்ற வாதம் அப்போது ஓயவில்லை; இன்றும் ஓய்ந்துவிடவில்லை. ஹோவானஸுக்கு அங்கே ஒரு வசதி இருந்தது. ஐரோப்பிய இசையின் அடுக்குச் சுரங்களை அவர் ஏற்கெனவே பெரிதும் ஒதுக்கி, ஒற்றை மெட்டு நிலைத்த ஆதாரச் சுரத்தின்மேல் நடப்பதையே விரும்பியவர். ஒவ்வொரு கருவியாளரும் ஒரே சிறு சொற்கட்டைத் தத்தம் வேகத்தில், பிறரோடு ஒட்டாமல் திரும்பத் திரும்ப வாசிக்க, மழைத்துளிகளின் சலசலப்புப்போல் எழும் ஒலிப்படலத்தை 1944 முதலே தம் இசையில் கையாண்டு வந்தார். அடுக்குச் சுரங்களைத் திணிக்காத மேற்கத்தியரிடமிருந்து தென்னிந்தியக் கருவிகள் பெற்ற இசை அது.

ஆக, 1958க்கும் 1960க்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில், சென்னையை அறியாத ஹோவானஸின் இசை அமெரிக்காவின் மிகச் சிறந்த குழு ஒன்றால், உலகின் மிக நுட்பமான கருவிகளில், வைனிலில் நிலைபெற்றது. சென்னையில் பிறந்த இசை வானொலி அலையிலும் மேடையிலும் ஒலித்து, அந்தத் தட்டுக்குக் கிட்டிய பரவலைப் பெறாமல் போயிற்று. சிகாகோத் தட்டு மீண்டும் மீண்டும் வெளியாகி, 1990களில் குறுந்தகடாகவும் வந்து, 'மலைகளின் இசையமைப்பாளர்' என்னும் ஒற்றைப் படிமத்தை ஹோவானஸின்மேல் ஒட்டிவிட்டது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் சென்னைக்கு ஒரு வரி ஒதுக்குவதும், அந்த ஒரு மலைக்குப் பக்கங்கள் ஒதுக்குவதும் இசையை அளந்து வந்த கணக்கு அன்று. தட்டை அளந்து வந்த கணக்கு. 1963இல் அவர் தம் படைப்புகளை வெளியிடப் 'போசைடன் சொசைட்டி' என்னும் சொந்தத் தட்டு நிறுவனத்தையே தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கான பதிவுகளில் பலவற்றுக்கு லண்டனின் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவை அவரே நடத்தினார். 1966இல் எழுதிய 'விஷ்ணு' என்னும் பத்தொன்பதாம் சிம்பொனியும் பிற்பாடு அந்நிறுவனத்தின் தட்டாக வந்தது.

'நாகூரன்' எழுதப்பட்ட 1960இல் தமிழ்த் திரைப்பாடல்கள் இன்னும் 78 சுற்று அரக்குத் தட்டுகளில்தான் பெரும்பாலும் விற்றுக்கொண்டிருந்தன. அமெரிக்கா கைவிட்ட பின்னும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், 1960களின் இறுதி வரைக்கும், கல்கத்தா ஆலை அவற்றை அச்சடித்தது. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டிகள் மின்சாரம் எட்டாத ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தவரை, கீழே விழுந்தால் உடையும் அந்தக் கனத்த 'பிளேட்டு'க்கு வாங்குவோர் இருந்தார்கள். அமெரிக்கச் சேர்ந்திசையைத் தாங்கும் வேலை முடிந்த அரக்கு, கடைசி ஆண்டுகளில் ஊர்க் கல்யாணப் பந்தல்களில் சுழன்றது. பம்பாயில் பிறந்த நடத்துநர் ஒருவரின் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மானிக் 1967இல் டெக்கா நிறுவனத்தோடு செய்துகொண்ட பதிவு ஒப்பந்தமும், அதன் வழியே வந்த தட்டுகளும் அடுத்த பகுதியில்.

(தொடரும்)